மாமூல் தடம்

சனிக்கிழமை மத்தியானம் அப்பா பனியன் கம்பெனியிலிருந்து பாதி ஷிப்டில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "ருக்மணி போயிட்டாங்க" என்றார். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால், இனிமேல் அப்பா எல்லாப் பத்திரத் தாளையும் என்னிடம்தான் தருவார் என்ற நினைப்பு வந்துவிட்டது. அதை மறைத்துவிட்டு ருக்மணியக்காவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனியில் செக்கிங் வேலையில் அவரோடு நின்றவர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனியனை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடுவார். கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். எட்டாவது வரைதான் படித்தவர். ஆனாலும் சைட் வாங்க நினைத்தவர்கள் டிபன் பாக்ஸோடு பத்திர நகலையும் கொண்டுவந்து, டீ நேரத்தில் அவரிடம்தான் நீட்டினார்கள். என் அப்பாவும்தான். வாரம் மூன்று நூலகப் புத்தகம் படிக்கிற மகள் நான் வீட்டிலேயே இருந்தேன்.

ஒரு தடவை தவணைக்கு சைட் தருவதாக ஒரு புரோக்கர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். ருக்மணியக்கா இரண்டே கேள்வி கேட்டாராம். "வித்தவருக்கு வித்தவரு யாருங்கண்ணா? ஆர்டர் இல்லாத மாசம் தவணைய எதுலீங்க கட்டுவீங்க?" அப்பா முன்பணம் கொடுக்கவில்லை. அன்று சோறு உண்ணும்போது அவர் அந்தக் கேள்விகளை நாலு முறை சொன்னார். அதே வாரம் நான் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன். அதை அவர் ஒரு முறை சொன்னார்.

பிறகு குண்டடம் பக்கம் ஆறு சென்ட் அமைந்தது. அப்பாவின் ஒன்பது வருடச் சேமிப்பு அது. பத்திர எழுத்தர் கொடுத்த வரைவில் ஏகப்பட்ட அடித்தல் திருத்தல். கம்ப்யூட்டர் சென்டரில் அடிக்கக் கொடுப்பதற்காக அதைச் சுத்தமாக எழுதும் வேலை எனக்கு வந்தது. பிழைகளையெல்லாம் திருத்தி, முழுத்தாளில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ருக்மணியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா அதை நீட்டி, "எம்பொண்ணு எழுத்து. முத்தாட்டம் இருக்குதுல்ல?" என்றார்.

"முத்தாட்டந்தானுங்க" என்று அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "ஆனா நாலு பக்கமும் அடுத்தவங்க வெள்ளாமைக் காடாவே இருக்குது. உங்க எடத்துக்கு எப்படிங்க போவீங்க, பறந்தா?"

வரைவையும் என் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏங்கண்ணு, மாமூல் வண்டித் தடம்னு ஒரு வரி இருந்துச்சே, எங்க உட்ட?"

"மாமூல்னா லஞ்சமில்லீங்களா அக்கா? அதையெல்லாம் பத்திரத்துல எழுதலாமுங்களா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வழக்கமாப் போய்வர்ற தடம் கண்ணு. அந்த வரி இல்லீன்னா, நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரு வேலி போட்டா உங்கப்பன் உள்ளயே போக முடியாது." அப்பாவும் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் வெளுத்தது. அந்தச் சிரிப்பையும் நான் மன்னிக்கவில்லை. அந்த முகத்தையும் மறக்கவில்லை.

ருக்மணியக்கா பையிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றை எடுத்து வரி விட்டுப்போன இடத்தில் ஒட்டினார். "துணியில இருக்கறத யாரு வேணாலும் பாப்பாங்க. இல்லாதத பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். வரி சேர்ந்து பத்திரம் பதிவானது. சென்ற வருடம் பக்கத்துக் காட்டில் கம்பிவேலி வந்தது, தடத்துக்கு இடம் விட்டு.

அவர் இறந்து பத்தாம் நாள், அப்பாவோடு வேலை பார்க்கும் தெற்கத்திக்காரர் ஒருவர் ஒரு பத்திர நகலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அதை நேராக என் கையில் கொடுத்தார். இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். நான்கு எல்லையையும் படித்துவிட்டு, "உள்ளே போகத் தடம் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"ருக்மணியக்கா மாதிரியே கேக்கியே தாயி" என்றார் அவர்.

அப்பா தலையாட்டினார். எனக்குப் பழையபடி பொறாமையாக இருந்தது. அந்த அம்பு ஒட்டிய தாள் என் அகராதிக்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் கேட்கும்போதெல்லாம் அது அவருடையதாகவே வெளியே வருகிறது.