வீட்டில் இருந்த வருஷங்கள்

இந்த ஊரில் பெயரைக் கேட்ட கையோடு என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டுவிடுகிறார்கள். மகளை அழைத்துவரப் பள்ளி வாசலில் மழைக்கோட்டுக்குள் ஒடுங்கி நிற்கும்போது எத்தனையோ பேர் கேட்டாயிற்று. "வீட்டில் இருக்கிறேன்" என்றால், "ஓ, லவ்லி" என்பார்கள். அதோடு பேச்சு மழைக்கும் குளிருக்கும் போய்விடும். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வரும்வரை பெரியவர்கள் குரலே வீட்டில் கேட்காது. சில நாள் குக்கரோடு பேசுவேன். அது விசிலாவது அடிக்கும்.

எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். லீவு நாளில் நானும் கூட இறங்குவேன். பிறகு படித்து, பொன்னேரியில் கணக்கு டீச்சரானேன். வீட்டுக்காரர் பக்கத்துக் குப்பத்துக்காரர், கப்பல் வடிவமைக்கும் இன்ஜினியர். காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் தொடங்கிய வேலை இங்கிலாந்தின் தெற்குக் கரையில் கொண்டுவந்து விட்டது. மகள் பிறந்தாள், நான் வீட்டோடு நின்றேன். இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் வந்தது. அவருக்குக் கை நிறையச் சம்பளம். யாரிடம் போய்க் குறை சொல்ல முடியும்?

ஒருநாள் பக்கத்து வீட்டு லிண்டா, பள்ளிக்குப் பேரனை அழைக்க வந்தவர், "நீ சைல்ட் பெனிஃபிட் கேட்டிருக்கிறாய்தானே?" என்றார். பிள்ளை வளர்க்க அரசாங்கம் கொடுக்கும் பணம் அது. எனக்குச் சுருக்கென்றது. உதவி கேட்டு நிற்பவளைப் போலவா தெரிகிறேன்?

"என் கணவர் நன்றாகச் சம்பாதிக்கிறார்."

"அவரை யார் கேட்டது? நான் உன்னைக் கேட்டேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். சம்பளம் அதிகமென்றால் கொடுத்த பணத்தை வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதனால் பணம் வேண்டாம் என்று எழுதிவிடலாம். ஆனாலும் பதிவு செய்துகொண்டால், சின்னப் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் வருஷங்கள் தாயின் பெயரில் அரசாங்கப் பென்ஷன் கணக்கில் சேரும். பதிவு செய்யாவிட்டால் அந்த வருஷங்கள் வெற்று வருஷங்கள்தான்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் சட்டென்று, "நம்ம இன்னா கஷ்டப்பட்றமா? எங்க நைனா கம்பெனி வேலைக்குப் போனதும் பாட்டை உட்டுக் குடுத்தாரு, இல்லாதவன் பொழைக்கட்டும்னு" என்றார். பாடு என்பது ஏரியில் முறை. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று ஊர் கூடி வைத்த ஏற்பாடு. வேறு பிழைப்பு கிடைத்தவர் தன் முறையை விட்டுக்கொடுத்தால் ஊரே மரியாதையாகப் பேசும். நானும் இத்தனை நாள் அதே பெருமையில்தான் மிதந்தேன்.

"அங்க உட்டா பங்காளிக்குப் போவும். இங்க நான் உட்ட வருசம் யாருக்குங்க போவும்?"

"உனக்கு நான் இன்னா கொறை வெச்சேன்?"

"ஒண்ணும் வெக்கல. ஆனா வயசான காலத்துல ஒரு மாத்திரை வாங்கக்கூட உங்க கையையே பாத்துனு நிக்கணுமா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டீச்சராக இருந்தவள், இந்தத் தேசத்தில் ஒரு கணக்கிலும் இல்லாதவளாகிப்போனதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் அவரே லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவைத்து, "உன் பேரை நீயே போடு" என்றார். பணம் வேண்டாம், பதிவு மட்டும் என்று குறித்தோம். போன வருஷங்களைப் பற்றிப் போனில் விசாரித்தேன். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார்கள்.

பதிவாகிவிட்டது என்று தெரிந்த சனிக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். கரையில் பெண்களோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்ல இருந்து புள்ளைய பாத்துக்குறேன்ல, அதை கவர்மெண்டுல என் பேர்ல எழுதிக்கினாங்கம்மா."

அம்மாவின் குரல் உடைந்தது. "ஐயோ, மாப்ள உட்டுட்டுப் பூட்டாரா?"

அவளுக்குத் தெரிந்து கைவிடப்பட்டவள், விதவை என்றுதான் சர்க்கார் ஒரு பெண்ணின் பெயரை எழுதும்.

"கூடத்தாம்மா கீறாரு. இது எனக்கு வயசானா வர்ற பென்சனுக்கு."

"பென்சனா! அப்ப கவர்மெண்டு வேலைனு சொல்லு." போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கூவினாள். "எம்பொண்ணுக்கு சீமைல கவர்மெண்டு வேலையாம்!"

"இன்னா வேலையாம்?" என்றது ஒரு குரல்.

"புள்ளைய பாத்துக்குறதாம்!"

கரையே சிரித்தது. "அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போனா? எங்க வூட்லயும்தான் மூணு கீது, வந்து பாத்துக்கச் சொல்லு!"

நானும் சிரித்தேன். எத்தனை காலமாயிற்றோ, வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். சத்தம் கேட்டு மகள் மாடியிலிருந்து ஓடிவந்தாள். "யாரும்மா வந்திருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே சமையலறை முழுக்கப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.