ஐந்தரை மணி நேரப் பிழை

கேள்வியைப் படிக்காமல் விடை எழுதும் மாணவர்களை முப்பது வருடம் கல்லூரியில் கடிந்துகொண்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அதையே நானும் செய்தேன். அதனால் ஒரு மனிதருக்கு எட்டு நாள் வேலை போயிற்று.

எங்கள் தெருவுக்குத் தனி வால்வு கிடையாது. மேலத் தெரு வால்வைத் திறந்தால், அவர்கள் பிடித்த மிச்சம் காலை ஏழரை மணிக்கு எங்களுக்கு வரும், நூல் மாதிரி. திண்டுக்கல்லில் தண்ணீர் வரும் நாளே ஒரு விசேஷம். அதில் இந்த மிச்சம் வேறு. எப்போது திறக்கிறார்கள் என்று பதிவு செய்தால் நியாயம் கேட்கலாம் என்று தெருச் சங்கத்தில் சொன்னேன். மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, வீட்டிலேயே ஒரு டேட்டாபேஸ் சர்வர் நிறுவினேன். கடவுச்சொல், யாருக்கு என்ன அனுமதி, வெளியிலிருந்து எந்த வழியாக உள்ளே வரலாம் என்பதையெல்லாம் புத்தகம் பார்த்து அமைத்தேன். இடையில் அது கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் படிக்காமலே என்டரைத் தட்டினேன்.

"தண்ணி வருதான்னு கொழாயத் தெறந்தா தெரியப்போகுது. அதுக்கு இம்புட்டு வயரா?" என்றாள் மனைவி.

வால்வு திறப்பவர் ஒப்பந்த ஊழியர், நாற்பது வயதிருக்கும். திறந்ததும் போனில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னேன், அழுத்திய நேரம் என் சர்வரில் பதிவாகும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பட்டியலை எடுத்தால், ஒவ்வொரு முறையும் இரவு பன்னிரண்டரை! அப்படியானால் ஏழு மணி நேரம் மேலத் தெருக்காரர்கள் தொட்டி நிரப்புகிறார்கள். அந்தத் தெருவில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சங்கக் கூட்டத்தில் உரக்க வாசித்தேன்.

"சார், காலைல ஆறு மணிக்குத்தான் தெறக்குறேன். நடுச்சாமத்துல நான் தூங்கிட்டுல்ல இருப்பேன்," என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த வால்வுக்காரர்.

"தூக்கத்துலயே நடந்து வந்து தெறந்துருப்பாரப்பா," என்றார் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். மறுநாளே வால்வுக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, புதிதாக வந்த ஆளுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பொத்தானை நானே அழுத்திப் பார்த்தேன். விடியற்காலை நான்கு மணி என்று பதிவாயிற்று. வயிற்றில் இட்லி இருக்கிறது, திரையில் இன்னும் விடியவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நேர மண்டலம் என்ற வரியில் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரம் இருந்தது. அன்று படிக்காமல் என்டரைத் தட்டிய கேள்வி இதுதான். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அந்த ஒரு வரியை மாற்றி சர்வரை மறுபடி தொடங்கினேன். பழைய பதிவுகள் எல்லாம் காலை ஆறு மணி என்று வரிசையாக வந்து நின்றன.

இதுவரை நடந்ததை அசட்டுத்தனம் என்று மன்னிக்கலாம். அதற்குப் பின் மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் என்ன சொல்வாரோ என்ற கூச்சம். புது ஆள் தன் இஷ்டத்துக்குத் திறந்தார். காலிக் குடங்களை வைத்துக்கொண்டு மனைவி புலம்பியபோதுதான் அவளிடம் சொன்னேன்.

"அடப்பாவி மனுசா," என்றாள். பிறகு, "சட்டையப் போடுங்க. கெளம்புங்க."

வத்தலக்குண்டு சாலையில் தன் மச்சானின் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார் வேலை போன வால்வுக்காரர். வரப்பில் நின்றபடியே சொன்னேன்.

"அப்ப உங்க மெசினு இம்புட்டு நாளா வெள்ளக்காரன் கடியாரத்தையா பாத்துக்கிட்டு இருந்துச்சு?" விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று நிறுத்தி, "எப்ப சார் தெரிஞ்சது?" என்றார்.

நேற்று என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. "மூணு நாளாச்சு, தம்பி," என்றேன்.

அவர் இரண்டு செடி தள்ளிப் போய்ப் பறித்தார். "அம்புட்டுப் பேரு முன்னாடி வாசிச்சீகள்ல. அதே மாதிரி இதையும் வாசிங்க. அந்த மூணு நாளையும் சேத்து."

அன்று மாலையே வாசித்தேன். "சாருக்கு எம்புட்டு மார்க்குப் போடலாம்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். அதையும் நின்று கேட்டுக்கொண்டேன். பிறகு ஒப்பந்தக்காரரிடம் நேரில் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் அவர் வேலைக்கு வந்துவிட்டார். பொத்தானை மட்டும் தொட மறுத்தார். "வேணும்னா நீங்களே வந்து பாத்து எழுதிக்கிடுங்க சார்."

அதனால் தண்ணீர் நாட்களில் ஆறு மணிக்கு மேலத் தெரு முனையில் நிற்கிறேன். நான் வால்வுக் குழியின் மூடியைத் தூக்கிப் பிடிக்க, அவர் கம்பியைத் திருகுகிறார். வாட்சைப் பார்த்து நேரத்தைப் போனில் அடித்து, அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவரும் வேலையை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்.