சப்பாத்தி மாவும் ஒரு பழைய ரிவால்வரும்

போன வாரம் ஆயுத பூஜை. நாங்கள் இருக்கும் டெக்சாஸ் ஆலன் நகரத்தில் அதற்கெல்லாம் லீவு கிடையாது. வேலை முடிந்து வந்து, சாயங்காலம் அவசர அவசரமாகச் சாமி கும்பிடுகிற கூட்டம் நாங்கள். லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாயிற்று. இரண்டு கார்களுக்கும் வைத்தாயிற்று. ஏர் ஃப்ரையருக்குக்கூட... அதுவும் உழைக்கத்தானே செய்கிறது?

கணவரின் டூல் பாக்ஸ் ஞாபகம் வந்தது. துடைத்து ஒரு பொட்டு வைக்கலாமென்று காரேஜுக்குப் போனேன். அடித்தட்டில், பழைய பனியன் துணியில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தால், வழவழவென்று இழைத்த ஒரு மரத்துண்டு. கூடவே காய்ந்து கல்லாகிப்போன சப்பாத்தி மாவு உருண்டை ஒன்று. அதில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. என் விரல்கள்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டுத் துப்பாக்கிக் கதை தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கணவர் பவானிக்காரர். படித்தது மெக்கானிக்கல், இருபத்திரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுவது டேட்டாபேஸ். மார்ச் மாதம் ஒரு நாள், பழைய துப்பாக்கிகள் விற்கும் கடையிலிருந்து துருப்பிடித்த ரிவால்வர் ஒன்றை வாங்கி வந்து நின்றார். வேலை செய்யாத ரிவால்வர். டெக்சாஸில் இது பெரிய விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயம்தான்.

"குண்டெல்லாம் வாங்கப் போறதில்ல. ரிப்பேர் பண்ணிப் பாக்கறேன், அவ்வளவுதான். புடிச்சுப் பாரு" என்று நீட்டினார்.

பயந்துகொண்டே வாங்கினேன். "பெருசா இருக்குங்க, கைக்கே அடங்கல" என்று உடனே திருப்பிக் கொடுத்தேன். அத்தோடு அதை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் காரேஜ்தான். எண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தார். குண்டு போடுகிற உருளை இருக்கிறதே, சிலிண்டர் — அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் லொடலொடவென்று சுற்றியது. மெயின் ஸ்பிரிங்கை மாற்றிச் சரிசெய்தார். கரி படிந்த விரல்களோடு சாப்பிட வந்து, அன்று என்ன கழற்றினார், என்ன மாட்டினார் என்று ஒன்று விடாமல் சொல்வார். நான் 'உம்' கொட்டுவேன். காது அங்கே இருந்தாலும் மனசு இந்த வாரம் எதை எழுதுவது என்பதிலேயே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் வந்து ஒரு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தார். "இறுக்கிப் புடி. ம்... விட்டுடு" என்றார். வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் இந்தப் பத்தியில் எழுதினேன். 'துப்பாக்கி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சப்பாத்தி குறைகிறது' என்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அது சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். ஒவ்வொரு முறையும் பின்னாலிருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்துவிட வேண்டும். அப்புறம் விசையை அழுத்தினால்தான் சுடும். அவர்தான் ஆசையாக விளக்கினார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'பின்னாலிருந்து யாராவது இழுத்துவிட்டால்தான் வேலை செய்யும். இப்படி ஒன்றோடுதான் இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.'

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு அத்தனை கடிதம் அதற்கு முன் வந்ததில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் அடுத்த பாட்லக் விருந்தில் அவர் தட்டோடு வரிசையில் நின்றபோது யாரோ, "வாங்க சிங்கிள் ஆக்‌ஷன், தங்கச்சி இழுத்து விட்டாங்களா?" என்றார்கள். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். எங்கள் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஒரு ஆன்ட்டி அவளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார். காரில் வரும்போது பின் சீட்டிலிருந்து மெதுவாக, "அம்மா, தட் வாஸ் மீன்" என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் காரேஜ் பக்கம் போகவில்லை. ரிவால்வரை வாங்கிய கடையிலேயே திருப்பி விற்றுவிட்டார். "போரடிச்சிருச்சு" என்றார். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வில் விட்ட அம்பும் வாய் விட்ட சொல்லும் திரும்பாது என்பார்கள். அச்சில் ஏறிய சொல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பி வருகிறது. அப்போதிருந்து எதையாவது சொல்ல வாயெடுத்தால் நிறுத்தி, "இது பேப்பர்ல வருமா?" என்று கேட்பார். முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். இப்போது கேட்பதுகூட இல்லை. ஆகஸ்டில் அவருடைய டீமையே கலைத்துவிட்டார்கள். வேறொரு டீமில் இவரைப் புதிதாக உட்கார வைத்திருக்கிறார்கள். அதை எனக்குச் சொன்னது யார்? இந்தியன் ஸ்டோரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் நண்பரின் மனைவி. எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில் ஆறுதல் சொன்னார். நானும் தெரிந்த மாதிரியே தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

சரி, காரேஜுக்கு வருகிறேன். அந்த மரத்துண்டைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ரிவால்வர் பிடியின் ஒரு பக்கம் அது. வால்நட் மரம். மாவில் பதிந்த பள்ளங்களை அளவெடுத்து, அரத்தால் ராவி ராவி மெலிதாக்கியிருக்கிறார். என் சுண்டுவிரலுக்குக்கூட இடம் விட்டிருந்தார். அச்சாக அடங்கியது. மறுபக்கத்துக்கான துண்டு டூல் பாக்ஸின் மூலையில் பாதி இழைத்தபடி கிடந்தது.

ரிவால்வரைத் திரும்ப வாங்கிவிடலாமென்று மறுநாள் லஞ்ச் நேரத்தில் அந்தக் கடைக்கு ஓடினேன். கல்லாவில் இருந்தவர் ஏதோ நோட்டைப் பார்த்துவிட்டு, உதிரி பாகத்துக்காக ஒருவர் வாங்கிப் போய்விட்டார் என்றார். இந்நேரம் பிரித்திருப்பார்கள்.

எழுதுகிறவர்களின் வீட்டில் இருப்பவர்கள் பாவம். நம்மை நம்பி வாயைத் திறக்கிறார்கள். நாமோ மேட்டர் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறோம். கிண்டல் பண்ணியதற்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை. எதற்கு அந்த மாவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே... அதுதான் உறுத்துகிறது.

இந்த முறை அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். "நீங்க சரின்னா அனுப்பறேன். இல்லாட்டி கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன்.

டிவி ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"மெயின் ஸ்பிரிங்னு போட்டிருக்கறே. அது தப்பு. மெயின் ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள இன்னொரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், ரெண்டு காலாப் பொளந்த மாதிரி. அதுல ஒரு கால் ஒடைஞ்சிருச்சு. அதனாலதான் சிலிண்டர் நிக்கல."

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

மேலே போய்ப் பாருங்கள். மெயின் ஸ்பிரிங் என்றேதான் இருக்கும். வேண்டுமென்றேதான் திருத்தவில்லை. அவர் படித்துவிட்டு, இன்னொரு முறை எனக்கு விளக்கட்டும்.