அது ஹாட் டாக் கறை இல்லை

இந்த ஊரில் புதுத்துணிக்கு மரியாதையே இல்லை. வாசலில் பார்சல் வந்து விழும். என் மகள் நித்யா கவரைக் கிழித்து, டேக்கை வெட்டி, அப்படியே மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போய்விடுவாள். ஓரத்தில் துளி மஞ்சள் வைக்கலாம் என்று விரலில் குழைத்து எடுத்துக்கொண்டு ஓடினால், "அம்மா, நோ! ஸ்டெயின் ஆயிடும்!" என்று கத்துவாள்.

போன மாதம் அவள்தான் எங்களை ஒரு சின்ன மியூசியத்துக்கு ஹிப் ஹாப் கண்காட்சி பார்க்க அழைத்துப் போனாள். அந்தப் பாட்டு எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் என் கால் நின்றுவிட்டது. உள்ளே கறுப்பு மேடைக் கோட்டு. முதுகு முழுக்க மயில்கழுத்து நிறப் பட்டு. அது என் கல்யாணப் புடவையின் முந்தானை. தைத்தவளும் நான்தான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் முதலில் இருந்த அபார்ட்மென்ட்டில் மாடி வீட்டுக்காரன் மார்க்கஸ். ராப் பாடுகிறவன். நான் வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் வந்து, பத்தாவது படிப்பையும் ஒரு தையல் மெஷினையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்த காலம். மெஷின் சத்தம் கேட்டு ஒருநாள் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேடை வெளிச்சத்தில் முதுகு மின்னவேண்டும் என்று சைகையிலேயே சொன்னான். அப்படி மின்ன என்னிடம் இருந்தது கல்யாணப் புடவை ஒன்றுதான்; முந்தானையை வெட்டினேன். அவனைப் போல ஒரு சுத்தக்காரனை நான் பார்த்ததில்லை. முறுக்கு கொடுத்தால்கூட, கோட்டைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் கடிப்பான். தைத்து முடித்ததும் நம் வழக்கப்படி காலரின் உள்மூலையில் மஞ்சள் வைத்தேன். "வாட்ஸ் தட்?" என்றான். "காட். குட் லக்" என்றேன். சிரித்துக்கொண்டே கும்பிட்டான்.

அந்தக் காலரைத்தான் இப்போது திருப்பி மடித்து, கறை தெரியும்படி வைத்திருந்தார்கள். சுற்றிக் காட்டிய பெண் கதை சொன்னாள். மேடையேறும் அவசரத்தில் ஹாட் டாக் தின்று, கடுகு சாஸைக் கோட்டில் சிந்திக்கொண்டானாம். எல்லோரும் சிரித்தார்கள். மார்க்கஸ் இறந்துவிட்டான். இனி வந்து மறுத்துப் பேசமாட்டான் அல்லவா?

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன். "நோ மஸ்டர்ட். டர்மெரிக். ஐ புட்."

அவள் முகம் மலர்ந்தது. கீழே கஃபேயில் டர்மெரிக் லாட்டே என்று மஞ்சள் பால் கிடைக்கும், கட்டாயம் குடித்துப் பாருங்கள் என்றாள்.

"அம்மா, ப்ளீஸ். நாட் ஹியர்" என்று நித்யா என் கையைப் பிடித்தாள்.

"ஒரு கறைக்கா இப்படி மல்லுக்கு நிக்கற? வா, பார்க்கிங் டைம் முடியுது" என்றார் என் வீட்டுக்காரர்.

காரில் ஏறியதும் வெடித்துவிட்டேன். "சிந்தித் தின்னவன்னு அவனைச் சொல்லிச் சிரிக்கறாங்க. நான் சாமியை நினைச்சு வெச்ச மஞ்சள எச்சிலாக்கிட்டாங்க. உங்களுக்குப் பார்க்கிங்கா பெருசு?"

மறுநாள் நித்யா தானாகவே மியூசியத்துக்கு போன் பண்ணினாள். சில வாரம் கழித்து பதில் வந்தது. "அம்மா, லேப்ல டெஸ்ட் பண்ணாங்களாம். டர்மெரிக் இருக்கு. பட் ஹாட் டாக் மஸ்டர்ட்லயும் கலருக்கு டர்மெரிக்தான் போடறாங்க. சோ, தே கான்ட் டெல்."

"அவன் எப்படிச் சாப்பிடுவான்னு என்னைக் கேக்கச் சொல்லு!"

அவர்கள் கேட்கவில்லை. நம் மஞ்சளை எடுத்துத் தங்கள் சாஸில் கலந்துகொள்வார்களாம். பிறகு அந்தச் சாஸையே எனக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துவார்களாம்!

நேற்று தனியாகப் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த விளக்க அட்டையில் ஒரு வரியைத் திருத்தியிருந்தார்கள்: "கறை: கடுகு சாஸ் அல்லது மஞ்சள்." வைத்தது யார் என்று இல்லை. கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அட்டையில் கடுகு சாஸ் என்ற எழுத்தை மறைத்தேன். மஞ்சள் மட்டும் தெரிந்தது.

"மேம், டோன்ட் டச் த கிளாஸ்" என்றார் காவலுக்கு நின்றவர்.

கையை எடுத்தேன். என் முந்தானைக்கு ஒரு சாண் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நின்றேன்.