கெல்தூமின் எண்

கெல்தூம் எங்கள் பொதுக் குளியல் வீட்டில் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிடுபவள். நான் வாசலில் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். முஸ்தகானம் என்கிற எங்கள் கடலோர நகரத்தின் திஜ்தித் பகுதியில் அவள் கை படாத முதுகு குறைவு. தேய்க்கும்போது வாயும் சும்மா இருக்காது. "இது போன வருஷத்து அழுக்கு மாதிரியில்ல இருக்கு! புருஷன் வீட்டுல தண்ணியே வரலையா?" என்று புதுப் பெண்ணைக் கேட்பாள். அவள் வெட்கப்பட்டு முடிப்பதற்குள் ஒரு வாளி வெந்நீரைத் தலையில் கவிழ்த்துவிடுவாள்.

மகன் வஸீனி போனதிலிருந்து அந்தப் பேச்சு வற்றிப்போனது. நோன்புப் பெருநாள் கழிந்து, கடல் அடங்கிக் கிடந்த நாட்களில் அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்பெயினுக்குக் கள்ளத்தனமாகப் படகேறிவிட்டான். படகு கரை சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய முகநூல் கணக்கும் அன்றோடு ஊமையாகிவிட்டது.

"ஃபோன் கடல்ல விழுந்திருக்கும் காலாம்மா. வேற ஃபோன்ல கணக்கைத் திறக்கணும்னா பழைய சிம்முக்குத்தான் குறியீடு அனுப்புவான். அந்த சிம் எங்க இருக்கோ" என்றான் அவனுடைய கூட்டாளி.

வஸீனிக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில், கூட்டத்தில் தொலைந்தால் சொல்லவேண்டுமென்று அவன் அப்பா உருப்போட வைத்த அம்மாவின் எண். அதனால் கெல்தூம் அந்தப் பொத்தான் ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கழுத்தில் மாட்டிக்கொண்டு நீராவி அறைக்குள்ளேயே வேலை செய்தாள். "என்கிட்ட குடுத்துட்டுப் போயேன், அடிச்சா ஓடி வரேன்" என்று நான் கெஞ்சுவேன். "நீ ஓடி வர்றதுக்குள்ள வச்சிடுவான்" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை, கூட்டம் நெரிந்த நேரத்தில் பை கிழிந்து ஃபோன் வெந்நீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

பழுது பார்க்கும் கத்தூர் ஃபோனை உலர்த்தி உயிர் கொடுத்துவிட்டான். "சிம்தான் செத்துப்போச்சு. பயப்படாதீங்க, கம்பெனிக் கடையில அதே நம்பருக்குப் புதுசு குடுப்பாங்க" என்றான். நாங்கள் இருவரும் கிளம்பிப் போனோம்.

கடையில் சீட்டு எடுத்து, எங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தோம். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "லைன் உங்க பேர்ல இல்லையே. மிலூத்ங்கிறது யாரு?"

"என் புருஷன்."

"அவர் நேர்ல வரணும்."

"அவர் மவுத்தாகி வருஷங்களாச்சும்மா."

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மறுபடி தட்டினாள். "அப்ப வாரிசுச் சான்று வேணும். வாரிசுங்க எல்லாரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். எத்தனை பேரு?"

"நானும் என் மகனும்தான்."

"அப்ப மகனைக் கூட்டிட்டு வாங்க காலாம்மா, உடனே முடிஞ்சிடும்."

கெல்தூம் சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "அவனைக் கூட்டிட்டு வரத்தாம்மா இந்த நம்பரே" என்றாள்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் எழுந்துபோய் மேலாளரை அழைத்துவந்தாள். நல்ல மனிதர். கெல்தூமை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, அவர் அழுத்துவதையும் கணினி மறுப்பதையும் காட்டினார். "என் தாயா இருந்தாலும் இதுக்கு மேல என்னால முடியாது" என்றார். கத்துவதற்குக்கூட எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

உதவி மையத்துக்கு என் ஃபோனிலிருந்து கூப்பிட்டோம். அரபிக்கு ஒன்றை அழுத்து, அதற்கு அதை அழுத்து, பிறகு பாட்டு. ஒவ்வொரு முறையும் வேறொருவன் வந்தான், ஒவ்வொருவனிடமும் முதலிலிருந்து சொன்னோம். ஒருவன் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, எந்த நம்பர்ல பிரச்சனையோ அந்த நம்பர்லேர்ந்தே கூப்பிடுங்க" என்றான்.

கடைசியாக ஒரு வக்கீலிடம் போனோம். வஸீனியைக் காணாமல் போனவன் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் அவன் கையெழுத்து தேவைப்படாது, அதற்குக் காலம் பிடிக்கும், முதலில் தாய் மனு போடவேண்டும் என்றார் அவர்.

"என் புள்ள இல்லேன்னு நானே சொல்லணுமா?" என்று கெல்தூம் எழுந்துவிட்டாள். "அப்படிச் சொல்லி வாங்கின நம்பரை வச்சுக்கிட்டு நான் யார் கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கிறது?"

அதன்பின் அவள் எங்கேயும் வரவில்லை. வேலைக்கு நடுவில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்து, என் ஃபோனிலிருந்து தன் எண்ணையே அழைத்துப் பார்ப்பாள். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

குளிர்காலம் முடியும் நேரத்தில் ஒருநாள் அவள் அழைத்தபோது, பதிவுக்குரலுக்குப் பதிலாக எதிர்முனையில் மணி அடித்தது. ஒரு பெண்குரல் "அலோ" என்றது.

"யாரும்மா நீ? அது என் நம்பர்."

"இல்லையே காலாம்மா, கம்பெனிக் கடையில என் பேர்லதான் புதுசா வாங்கியிருக்கேன். நான் செதீஃப்லேர்ந்து பேசுறேன்."

கெல்தூம் ஃபோனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர் நுஸ்ஹா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, போன வாரம் வெளிநாட்டு நம்பர்லேர்ந்து ஒரு அழைப்பு வந்துச்சு. எடுத்ததும் 'யம்மா'ன்னு அழுதாரு. தப்பான நம்பர்னு சொன்னேன். 'எங்கம்மா எங்கே, அவங்களுக்கு என்ன ஆச்சு'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு வச்சுட்டேன். மறுபடி மறுபடி அடிச்சாரு. பயந்துபோய் அந்த நம்பரைத் தடுத்துட்டேங்க்கா."

கெல்தூம் கல்லாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்கான்" என்றாள். அவளுக்குக் கேட்டது அதுமட்டும்தான்.

நுஸ்ஹா கொடுத்த எண்ணை அழைத்தோம். அது ஸ்பெயினில், அல்மேரியாவில் ஒரு மளிகைக் கடை. எடுத்தவர் மொராக்கோக்காரர்.

"இங்க எத்தனையோ பசங்க வந்து பேசிட்டுப் போறாங்க சகோதரி. யாருன்னு நான் கண்டேன்?"

"நெட்டையா இருப்பான். இடது புருவத்துல ஒரு வெட்டு."

"தக்காளித் தோட்டத்துல வேலை செய்ற பசங்க எல்லாருக்கும் எங்கயாவது ஒரு வெட்டு இருக்கு. சரி, கேட்டுப் பாக்குறேன்."

அவர் கேட்டாரோ இல்லையோ. பிறகு பலமுறை கூப்பிட்டோம், தெரியவில்லை என்றே சொன்னார்.

நுஸ்ஹா தன் பங்குக்கு ஒன்று செய்தாள். எண்ணைக் கெல்தூம் பெயருக்கே மாற்றிக் கொடுக்கிறேன் என்றாள். நாங்கள் செதீஃபுக்குப் பேருந்தில் போனோம். அவள் எங்களுக்காகக் கடை வாசலில் தன் தாயோடு காத்திருந்தாள். கெல்தூமைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகப்பில் இருந்தவன் இரண்டு அடையாள அட்டைகளை வாங்கினான், இரண்டு கையெழுத்து கேட்டான், புது சிம்மைக் கொடுத்தான். உயிரோடு இருக்கும் ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுப்பதில் கணினிக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

இப்போது எண் கெல்தூமின் பெயரில் இருக்கிறது. வஸீனி கூப்பிடவில்லை. அந்த எண் இன்னொருத்திக்குப் போய்விட்டது என்று அவனிடம் சொன்னது அந்த இன்னொருத்தியே. அவன் ஏன் மறுபடி அடிக்கப்போகிறான்? ஒருவேளை தாயே இல்லையென்று நினைத்துக்கொண்டிருக்கிறானோ என்னவோ. இதை நான் கெல்தூமிடம் சொன்னதில்லை. அவளும் என்னிடம் சொன்னதில்லை.

ஃபோன் கல்லாவில் என்னிடம்தான் இருக்கிறது. அடித்தால் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். பெரும்பாலும் நுஸ்ஹாவின் சிநேகிதிகள், அத்தைமார், தையல்காரி. கெல்தூம் நுரைக் கையோடு வாங்கிக் காதில் வைப்பாள். தப்பான நம்பர் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை.

"நுஸ்ஹா இங்க இல்லம்மா. நல்லா இருக்கா. அவ புது நம்பர் சொல்றேன், எழுதிக்கோ" என்று ஒவ்வொரு இலக்கமாக, எதிர்முனை திருப்பிச் சொல்லும்வரை நின்று சொல்லிவிட்டு, ஃபோனை என்னிடம் தந்து உள்ளே போவாள்.