நிலபாவாடையில் ஓடிய ரோபோ

நான் தரம் பத்தில் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரோபோப் பெட்டி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பியது. இரண்டு மோட்டோர், இரண்டு சில்லு, சில சென்சர்கள், ஒரு லப்டொப். பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும் என்று அதிபர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் அலுமாரி திறந்தது.

கணினி படிப்பித்த மிஸ் இரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார். ஒருத்தி எங்கள் ஊர்க் கோயில் வண்ணக்கரின் மகள். கோயிலை நடத்துகிறவரின் பிள்ளை இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது. மற்றவள் நான். யாராவது ஒருத்திக்கு வேலை தெரிந்திருக்க வேண்டுமே. பெரியவருக்கு முன்னால் ரோபோவை ஓட்டிக் காட்டுகிறவளே புளியந்தீவில் நடக்கும் ரோபோப் போட்டிக்கும் போவாள், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒருவர்தான் என்று மிஸ் சொன்னார். அந்த ஒருவர் நானாகத்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே ஆசைப்பட்டுவிட்டேன்.

லப்டொப் திரையில் நிறநிறமான கட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ரோபோவுக்கு ஒரு கட்டளை. ஒன்றை இழுத்து இன்னொன்றின் கீழே கொண்டுபோனால் கவ்விக்கொள்ளும். 'எப்போதும்' என்ற கட்டைக்குள் 'இப்படியானால்' என்ற கட்டை, அதற்குள் மோட்டோர். ரோபோவின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் சென்சர் தரையைப் பார்த்து ஓர் எண் சொல்லும். வெள்ளையைக் கண்டால் எண் ஏறும், கறுப்பைக் கண்டால் இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை நாங்கள் கண்டுபிடித்துக் கட்டைக்குள் போடவேண்டும். அது பிழைத்தால் ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றும். சரியாக விழுந்தால், கசிப்புக் குடித்தவன் வேலியைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருவதுபோல, ஆடி ஆடிக் கறுப்புக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போகும்.

கன நாள் சுற்றத்தான் செய்தது. ஒரு நாள், மேசையில் விரித்த வெள்ளை மட்டையில், வளைவையும் தாண்டிப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்ணக்கரின் மகள் அந்த நேரம் வரவேற்புப் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு இது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர் வருவதற்கு முன்தினம் ரோபோவை மண்டபத்தில் விட்டுப் பார்த்தோம். மண்டபத்துத் தரை பழைய கறுத்த சீமெந்து. கறுப்பு டேப் ஒட்டினால் சென்சருக்கு எல்லாமே கறுப்பு. மட்டைகளைப் பொருத்தி ஒட்டினால் பொருத்துகளில் சில்லு தடக்கி நின்றது. மிஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அதிபர் வந்து பார்த்தார். எப்படியும் பெரியவர் நடந்து வர நிலபாவாடை விரிக்கத்தானே போகிறோம், அந்த வெள்ளையிலேயே டேப்பை ஒட்டினால் ரோபோ முன்னே போக அவர் பின்னே வரலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது சுகம்தானே. நிலபாவாடை எங்கள் வீட்டுச் சாமான்.

ஊரில் எங்களைக் கட்டாடி வீடு, அதாவது ஊருக்குச் சீலை வெளுக்கிற வீடு, என்பார்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெள்ளை கட்டுவதும், பெரிய ஆட்கள் மண்ணில் கால் படாமல் வர வெள்ளைச் சீலை விரிப்பதும் எங்கள் குடும்பத்தின் வேலை. வேறு யாரும் அந்தச் சீலையைத் தொட்டு விரிக்கமாட்டார்கள். அப்பா சந்தியில் லோண்டரி நடத்தினாலும் இந்த வேலையை விடவில்லை. பெரியவர் வரும் நாள் பார்த்து அவருக்கு அடுத்த ஊரில் ஒரு செத்த வீடு. சீலையை என்னிடம் கொடுத்தனுப்புவதாகவும் நானே விரிப்பேன் என்றும் என்னைக் கேளாமலே அதிபருக்குச் சொல்லிவிட்டார்.

நான் ரோபோ ஓட்டவேண்டும் என்று அப்பாவிடம் சண்டை பிடித்தேன். அவருக்கு அது விளங்கவேயில்லை.

"நாம விரிச்சாத்தான் அவர் நடப்பார் புள்ள. அது நம்மட உரிமை. ரோபோவ ஆரும் ஓட்டலாம்" என்றார்.

பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையை நினைக்க இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

காலையில் மிஸ்ஸிடம் கேட்டேன், விரித்துவிட்டு வந்து நானே ஓட்டுகிறேன் என்று. சீலை பிடித்த கையோடு வந்து பெரியவருக்கு முன்னால் நிற்பது வடிவில்லை என்றார். வண்ணக்கரும் வருகிறார் என்றும் சொன்னார். சீலையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மண்டப வாசலில் இருந்து மேடை வரைக்கும் விரித்து, நடுவே கறுப்பு டேப்பை ஒட்டினேன். மெல்லிய சீலை, சில்லு உருளும்போது மடிந்து மடிந்து வந்தது. ரோபோவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, சீலையின் கரையை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனேன். வண்ணக்கரின் மகள் பொத்தானை அமத்திவிட்டுக் கைகட்டி நடந்தாள். ஒரே ஒரு இழுவை இழுத்திருந்தால் ரோபோ குப்புற விழுந்திருக்கும். இழுக்கவில்லை. நல்ல மனதால் அல்ல. அது என்னுடைய ரோபோ.

மேடைக்குக் கிட்டப் பெரியவர் நின்று, இது ஏன் நேரே போகாமல் ஆடிக்கொண்டு போகிறது என்று அவளிடம் கேட்டார். அவள் வரவேற்புப் பேச்சின் முதல் வரியைச் சொன்னாள். அவர் திரும்பவும் கேட்டார். அவள் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது கோட்டில போகல்ல சேர். கோட்டின்ட ஓரத்தில போகுது. கறுப்புக் கண்டா இங்கால, வெள்ளை கண்டா அங்கால" என்றேன், கீழே இருந்தபடி.

பெரியவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு அதிபரைப் பார்த்தார். நான் பள்ளிச் சீருடையில்தான் இருந்தேன்.

"இவ சீலை விரிக்க வந்த புள்ள சேர்" என்றார் அதிபர். என் பக்கம் திரும்பி, "நீ சுருட்டு மகள்" என்றார்.

சுருட்டினேன். டேப்பின் பசை சீலையில் பிடித்துக்கொண்டது. அதை அவித்துத் தோய்க்க வேண்டி வந்ததற்கு வீட்டில் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

புளியந்தீவுக்கு வண்ணக்கரின் மகளின் பெயரைத்தான் எழுதினார்கள். துணைக்கு நானும் வரட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"அங்க அவங்களே பாய் விரிச்சிருப்பாங்க மகள். நீ வரத் தேவையில்ல" என்றார் மிஸ்.

விளம்பரப் பனர் மாதிரிப் பளபளக்கிற பாயாம் அது. பளபளப்பில் சென்சர் சொல்லும் எண்கள் மாறிவிடும் என்றும், அங்கே போனதும் நடு எண்ணை மாற்றிப் போடவேண்டும் என்றும் எனக்குத் தெரியும். போவதற்கு முன் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடு என்று மிஸ் சொன்னார். எல்லாம் சொன்னேன், அதைத் தவிர. ரோபோ அங்கே தொடங்கிய இடத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றதாம். கேள்விப்பட்டு வயிறு குளிரச் சிரித்தேன். இன்றைக்கும் அதற்காக நான் கவலைப்படவில்லை.

ஆனால் எண் பிழைத்திருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, யோசித்துப் பார்த்துத் தான் கண்டுபிடித்ததைச் சொன்னார்.

"அது நம்மட சீலையிலதான் ஓடும் மகள். அடுத்த வருசம் கட்டாயம் உன்னையும் கூட்டிப் போறன்."

அன்பாகத்தான் சொன்னார்.