மருந்தடித்த உடம்பு

கேரளத்துச் சாந்தன்பாறையில் ஏலக்காட்டுக்குப் பூச்சிமருந்து அடிப்பதுதான் என் வேலை. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்தடித்துவிட்டு வந்தால் வெளிக்குழாயில் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டோம், பிள்ளையைத் தூக்க மாட்டோம். வீரியமான மருந்தென்றால் பத்து நாள் அந்தக் காட்டுக்குள் யாரையும் விட மாட்டோம்.

மார்பில் கட்டி எடுத்த பிறகு, நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க என் மனைவிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்காகக் கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். "நிறையத் தண்ணி குடிங்க. இன்னைக்கு மட்டும் சின்னப் பிள்ளைய மடியில வைக்காதீங்க" என்றாள் ஸ்கேன் எடுத்த பெண். கேட்டேனா? தோலில் படுகிற மருந்துக்கே அத்தனை கட்டுப்பாடு, இது ரத்தத்திலேயே ஏறியிருக்கிறதே! பெரிய விஞ்ஞானி மாதிரி நானே பத்து நாள் என்று முடிவு கட்டினேன். மனைவிக்குத் தனித் தட்டு, தனிப் பாய், முன்னறை. மூன்று வயது மகளிடம், "அம்மா மேல மருந்து இருக்கு, கிட்டப் போகாத" என்றேன். இரண்டு நாள் அழுதாள். அப்புறம் அடங்கிவிட்டாள்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வாங்கப் போனேன். எலும்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்தச் சந்தோஷத்தில் ஸ்கேன் பெண்ணிடம் போய் என் ஏற்பாட்டைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்தா சேட்டா இது! அது காட்டுக்கு அடிக்கிற மருந்தில்ல. ரொம்பக் கொஞ்சம். மணிக்கு மணி வீரியம் தானாவே குறையும், மிச்சம் மூத்திரத்துல போயிடும். மறுநாளே பிள்ளையத் தூக்கியிருக்கலாமே!"

பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டு வாசலிலிருந்தே கத்தினேன். "அடியே, எலும்புல ஒண்ணுமில்லையாம்! பிள்ளையத் தூக்கலாமாம்!"

மனைவி நம்பாமல் பார்த்தாள். "நெசமாவா? எனக்கு முத்திப்போச்சு, அதான் நான் இல்லாம இருக்க பிள்ளைய இப்பவே பழக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஐந்து நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு அந்த முன்னறையில் கிடந்திருக்கிறாள். பாவி மனுஷன், நான் ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசவில்லை.

அவள் மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். குழந்தை அவளிடம் ஓடவில்லை. போகலாமா என்று என் முகத்தைப் பார்த்தது. நானே தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்தேன். பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். நல்ல சேதி கொண்டுவந்த நான், நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றேன்.